நகராத பதினேழு பறவைகள்

ரிஸ்வானாவுக்குப் புதுக் கேமரா வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தங்கமாரி. திருச்சுழியில் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். ரிஸ்வானாவும் நானும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி எனக்கு. நான் கொண்டுபோகும் கொய்யாப்பழத்தில் பாதி அவளுக்கு. இப்படித்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

என்னிடமும் ஒரு கேமரா உண்டு. அதைக் கேமரா என்று மதித்தது நான் ஒருத்திதான். என் சித்தி மாரீஸ்வரி அருப்புக்கோட்டையில் கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் வேலை பார்க்கிறார். அந்தக் கடையில் யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்ட பழைய கேமராவை வாங்கி எனக்குக் கொடுத்தார். செங்கல் கனம் கனக்கும். பேட்டரி மூடி நிற்காமல் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். லென்ஸ் ஒன்றே ஒன்று. அதில் தூரத்துக் கொக்கைப் படம் எடுத்தால் கொக்கு அரிசி அளவுதான் தெரியும்.

ரிஸ்வானாவின் அத்தா ஹபீப் ரகுமான் கத்தாரில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தபோது மகளுக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி வந்தார். உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரிக் கேமரா. காற்று மாதிரி லேசு. அதற்கு இரண்டு லென்ஸ்கள். ஒன்று குட்டி. இன்னொன்று என் முழங்கை நீளம்.

"தொட்டுப் பாக்குறியாடி?" என்று நீட்டினாள் ரிஸ்வானா.

"வேணாம். கையி ஈரமா இருக்கு" என்றேன்.

கை காய்ந்துதான் இருந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு ஞாயிறு கேமரா குழு இருக்கிறது. மொத்தம் ஒன்பது பேர். யாருக்கும் படம் எடுப்பது தொழில் இல்லை, ஆசை. தலைவர் இம்மானுவேல் சார் தபால் ஆபீஸில் வேலை செய்கிறார். அழகுராஜா அண்ணன் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இவர்கள் கூடினால் ஒரு டீ ஆறுவதற்குள் பத்து லென்ஸின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பேச்சு வராது. சித்தி சொல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ரிஸ்வானாவை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்க்குப் போவோம். அந்த நேரத்தில் அங்கே கூழைக்கடாக்கள் வரும். பெரிய அலகும் அதன் அடியில் பையும் வைத்திருக்கும் பறவை. ஒரே படத்துக்குள் யார் அதிகமான கூழைக்கடாக்களைப் பிடிக்கிறாரோ, அவருடைய படத்தைப் பலகையில் அச்சடித்துக் கண்மாய்க்கரையில் நடுவார்கள். படத்துக்குக் கீழே எண்ணிக்கையும் பெயரும் இருக்கும். பழைய எண்ணிக்கையைத் தாண்டினால்தான் புதுப் பலகை. போன வருஷம் நட்டது அழகுராஜா அண்ணன் பலகை. முப்பத்தொன்று. அதற்கு முன்னால் இருந்தது இருபது.

என் அப்பா அந்தக் கரை வழியாகத்தான் தினமும் லோடு வண்டி ஓட்டிப் போகிறார். பலகையில் என் பெயரை அவர் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கரையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ரிஸ்வானா குட்டி லென்ஸைக் கழற்றிவிட்டு நீள லென்ஸை மாட்டப் போனாள்.

லென்ஸ் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கேமராவின் வாய் கீழே பார்க்க வேண்டும். சட்டென்று மாற்ற வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே படத்தை வாங்கும் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். அதற்கு முன்னால் மறைப்பாக ஒன்றும் இல்லை. கதவு இல்லாத வீடு மாதிரிதான்.

ரிஸ்வானாவோ கேமராவை மல்லாக்க மடியில் வைத்துக்கொண்டு, கழற்றிய குட்டி லென்ஸின் மூடியை நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் லாரி கரையில் போனது. புழுதி எழுந்து எங்கள் எல்லோரையும் மூடியது.

நான் பார்த்தேன். "மூடுடி!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "எங்க அத்தா அடுத்த லீவுக்கு இன்னொரு லென்ஸு வாங்கியாரேன்னு சொல்லிருக்காக" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூழைக்கடாக்கள் தண்ணீரை விட்டு எழுந்தன. வட்டம் போட்டுக்கொண்டே மேலே மேலே போயின. எல்லோரும் கேமராவைத் தூக்கினோம். என் படத்தில் ஒன்பது அரிசி விழுந்திருந்தது. பெரியவர்கள் யாருக்கும் இருபதைத் தாண்டவில்லை. ரிஸ்வானா விரலை எடுக்காமல் படபடவென்று பன்னிரண்டு படங்கள் எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அதில் ஒன்றைக் குழுவின் வாட்ஸப்பில் போட்டாள். நீல வானம். வானம் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

இம்மானுவேல் சார் குரல் பதிவு அனுப்பினார். "அடேயப்பா! நான் மூணு தடவ எண்ணிட்டேன். நாப்பத்து மூணு! எம்மா ரிஸ்வானா, பலகை உனக்குத்தேன். ஆனா வழக்கம் வழக்கந்தேன். வார ஞாயித்துக்கெழம எல்லாரு முன்னாடியும் ரா ஃபைலைத் தொறந்து காட்டணும்."

ரா ஃபைல் என்றால் கேமரா எடுத்த படம், கைபடாமல் அப்படியே. நாம் சாதாரணமாகப் பார்ப்பது கேமரா வடித்துக் கொடுத்த சோறு. ரா என்பது அரிசி. வண்ணம், வெளிச்சம் எல்லாவற்றையும் நாமே கம்ப்யூட்டரில் சமைக்க வேண்டும். அரிசியில் கல் இருந்தால் ராவில் தெரிந்துவிடும்.

நான் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில புள்ளிகளுக்கு இறக்கை இருந்தது. சில புள்ளிகள் வெறும் உருண்டை, அதுவும் கலங்கலாக.

தூசி! எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் சார் வீட்டுப் பெரிய டிவியில் படத்தைத் திறந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடும். தூசியையா பறவை என்று எண்ண வைத்தாய் என்று ரிஸ்வானாவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிஸ்வானா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லடி. நாளைக்கு உங்க சித்தி கடைக்குக் கூட்டிட்டுப் போறியா? ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி ரா ஃபைலை ஒரு தடவ தொறந்து பாத்துக்கிருவோம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்று அவள் நம்ப மாட்டாள். "சரி" என்றேன்.

கடையில் சித்தி ஒரு மாப்பிள்ளையின் கன்னத்தில் பருக்களை அழித்துக்கொண்டிருந்தார். "எண்பது படத்துலயும் இந்தப் பரு இருக்கு. மாப்பிள்ள ஒரு வாரம் முன்னாடியே மூஞ்சி கழுவியிருக்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டு, மூலையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

ரிஸ்வானாவின் ரா ஃபைலைத் திறந்தேன். படம் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரிந்தது.

"ஐயய்யோ! படம் கெட்டுப்போச்சா?"

"ரான்னா அப்படித்தான் இருக்கும். இரு." வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வானம் நீலமாகத் திரும்பி வந்தது.

ரிஸ்வானா கன்னத்தில் கைவைத்து என்னையே பார்த்தாள். "உனக்கு எம்புட்டுத் தெரியுது! நீ இருக்கங்காட்டித்தான் எனக்குத் தைரியமே. அத்தா நாளைக்குப் போட்டுக்கிறதுக்குப் புதுச் சட்டை எடுத்திருக்காக. திங்கக்கெழம கத்தாருக்குக் கெளம்புறாக. போறதுக்குள்ள பலகை விசயத்தக் கேட்டுட்டுப் போகணுமாம்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புதுச் சட்டை போட்ட ஹபீப் மாமா. பெரிய டிவி. எல்லோரும் சிரிக்கும் சத்தம். இத்தனை நாளும் இதை நினைத்துத்தான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைக்கவே பிடிக்கவில்லை.

பேசாமல் அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானை அமுக்கினேன். திரும்ப முந்தைய படத்துக்கு வந்தேன். மறுபடி அடுத்தது. மறுபடி முந்தையது.

பறவைகள் குதித்தன. தூசி குதிக்கவில்லை. வானத்தில் நின்ற இடத்திலேயே நின்றது.

"ரிஸ்வானா, இங்க பாரு. கூழைக்கடா பறக்குது. அதனால ஒவ்வொரு படத்துலயும் இடம் மாறுது. இந்தப் புள்ளியப் பாரு, நகரவே இல்ல. இது பறவ இல்லடி. சென்சார்ல ஒட்டுன தூசி."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். நான் அமுக்க அமுக்க ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுத் தூசி எப்படி?"

படத்தின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு. "இத ஏன் இருவத்திரண்டுல வச்ச?"

"நம்பர் பெருசா வச்சா படம் பெருசா வரும்னு நெனச்சேன்."

"நம்பர் பெருசானா லென்ஸுக்குள்ள ஓட்டை சிறுசாகும். ஓட்டை சிறுசானா தூசி பளிச்சினு தெரியும்."

"தூசி எப்ப உள்ள போச்சு?"

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். "நீ கரையில லென்ஸு மாத்துனீல்ல? அப்ப ஒரு லாரி போச்சு."

"நீ என் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

எத்தனையோ பொய் வாய்வரைக்கும் வந்தது. ஒன்றும் உருப்படியாக இல்லை. "பொறாமைடி" என்றேன். "உங்கிட்ட ரெண்டு லென்ஸு இருக்குன்னு பொறாமை."

ரிஸ்வானா எழுந்து வெளியே போய்விட்டாள். கடை வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். சித்தி மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீபோர்டில் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "திரும்ப அமுக்கு. எண்ணணும்" என்றாள்.

எண்ணினோம். நகராதது பதினேழு. நகர்ந்தது இருபத்தாறு.

"முப்பத்தொண்ணுக்குக் கம்மி. பலகை இல்ல" என்றாள் ரிஸ்வானா.

"நாளைக்கு நான் எந்திரிச்சுச் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். என் படம். நானே சொல்லிக்கிறேன். நீ பேசாம இரு."

ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் சார் வீட்டு மாடியில் எல்லோரும் கூடினோம். ஹபீப் மாமா புதுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஸ்வீட் பெட்டி. என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

ரிஸ்வானா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "நாப்பத்து மூணு இல்ல சார். இருவத்தாறுதான்" என்றாள். பொத்தானை அமுக்கிக் காட்டினாள். அடுத்தது, முந்தையது. அடுத்தது, முந்தையது. பறவைகள் குதித்தன. பதினேழு புள்ளிகள் நின்றன.

இம்மானுவேல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இம்புட்டு வருசமா படம் எடுக்குறேன். தூசியவா மூணு தடவ எண்ணுனேன்?"

ஹபீப் மாமா பெட்டியை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மகளைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அது சிரிப்பு மாதிரி இல்லை.

"ரெண்டு படத்த மாத்தி மாத்திப் பாக்குற இந்த யோசனை யாருது?" என்று கேட்டார் அழகுராஜா அண்ணன்.

"தங்கமாரி" என்றாள் ரிஸ்வானா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். "கெட்டிக்காரப் புள்ள!" என்றார் இம்மானுவேல் சார். ஒவ்வொரு தட்டும் என் காதில் அறைவதுபோல விழுந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"கை தட்டாதீங்க. தூசி உள்ள போகும்போதே நான் பாத்தேன். வேணும்னேதான் சொல்லல. அவ கேமராவப் பாத்து எனக்குப் பொறாமை."

கைதட்டல் பாதியில் நின்றது. ஹபீப் மாமா திரும்பி என்னைப் பார்த்தார். இம்மானுவேல் சார் மட்டும் இருமினார்.

"இந்த ரூமுல பொறாமைப்படாதவுக யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க பாப்போம்" என்றார். ஒரு கையும் எழவில்லை. "அழகுராஜா புது லென்ஸு வாங்குனப்ப ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. லெட்டர எல்லாம் தெரு மாத்திப் பிரிச்சு வச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரிஸ்வானா சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் கோவம் போகல சார்" என்றாள்.

"போகாதுல்ல" என்றார் சார்.

இதற்குள் அழகுராஜா அண்ணன் சத்தமில்லாமல் தன் லேப்டாப்பை மடியில் வைத்து என்னவோ அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கு சரியில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என்னய்யா?" என்றார் சார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "போன வருசத்து என் படம் சார். சந்தேகமா இருந்துச்சு. அடுத்த படத்தையும் வச்சுப் பாத்தேன்."

"அதுக்கு?"

"ஏழு நகரல."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. நான்தான் முதலில் கணக்குப் போட்டேன். முப்பத்தொன்றில் ஏழு போனால் இருபத்து நாலு. கரையில் ஒரு வருஷமாக வெயிலில் நின்ற பலகையில் ஏழு தூசிகள் கூழைக்கடாவாக இருந்திருக்கின்றன!

"அப்ப இருவத்தாறுதேன் பெருசு!" என்று கத்தினார் இம்மானுவேல் சார். "பலகை ரிஸ்வானாவுக்குத்தேன்!"

மாடியே அதிர்ந்தது. ஹபீப் மாமா நாற்காலிக்கு அடியில் குனிந்து பெட்டியை எடுத்தார். அவசரத்தில் ரிப்பனை அவிழ்க்காமல் பிய்த்தே எடுத்துவிட்டார். அழகுராஜா அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். வேறு வழி இல்லை அவருக்கு.

எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? மறுபடியும் வயிறு எரிந்தது! உண்மையைச் சொன்னோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பலகை என்னவோ அவளுக்குத்தான் போனது. ஹபீப் மாமா பெட்டியை என்னிடம் நீட்டினார். "எடுத்துக்கம்மா. நீ சொல்லலேன்னா எம் மக டிவி முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்னிருப்பா" என்றார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திருச்சுழிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஹபீப் மாமா முன்னால் ஒரு சீட்டில் தூங்கிவிட்டார். ரிஸ்வானா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் பேசவில்லை. முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரயில்வே கேட் போட்டிருந்ததால் பஸ் நின்றது. ரிஸ்வானா பையைத் திறந்தாள். கேமராவை எடுத்தாள். என் மடியில் வைத்தாள்.

"எடு. ஒண்ணே ஒண்ணு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

என் கை உண்மையாகவே வேர்த்துவிட்டது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, கருவேல மரத்தின் நெற்றைக் கடிக்க எட்டியது. அதன் முதுகில் ஒரு கரிச்சான் குருவி வழுக்கி விழாமல் தொற்றிக்கொண்டு வாலை ஆட்டியது. ஆடும் விடவில்லை, குருவியும் விடவில்லை. சாயங்கால வெயில் இரண்டின் மேலும் மஞ்சளாக விழுந்தது. ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.

ரிஸ்வானா கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். ஆட்டின் மீசை முடிகூட எண்ணும்படி தெரிந்தது. குருவியின் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம்.

அவள் உதடு சுருங்கியது. மூக்கு விடைத்தது.

"கேமரா என்னோடதாக்கும்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"இந்த மாதிரி எனக்கு ஒண்ணுகூட வரல."

அவளுக்கு வயிறு எரிந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று வாரமாக அந்த எரிச்சலோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. முன்சீட்டில் ஹபீப் மாமா விழித்துத் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

ஆடு இன்னும் எட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் எழுந்து, "சீக்கிரம் வா, நீ எடு" என்று ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

கேட் திறக்கும் வரைக்கும்தான்.